மைதானம் பிடித்த பிள்ளைக்கு எந்தக் கல்லூரி? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ மார்க் வந்ததும் சில வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளை படிப்பில் நடுத்தரம். காலை ஐந்தரைக்கு யாரும் எழுப்பாமலே வாலிபால் ஆடக் கிளம்பும். சைக்கிளை எடுத்தால் சில்வர் பீச், பாகூர் ஏரி என்று சுற்றிவிட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். மார்க் குறைந்தாலும் கூடினாலும் முகத்தில் பெரிய மாற்றம் இருக்காது. "எதுலயுமே பிடிப்பு இல்லையே" என்பார் அப்பா. "விளையாட்டுதானே பிடிக்குது, அதையே படிக்க வைங்க" என்பார் மாமா. இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. விளையாடப் பிடிப்பது ஒன்று, விளையாட்டைப் பாடமாகப் படிப்பது இன்னொன்று. இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது பாடத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், மாலை நாலரை மணிக்கு அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று பாருங்கள். பேருந்திலா, லேபிலா, மைதானத்திலா?

## முதலில், எந்த வகைப் பிள்ளை?

மூன்று வகை உண்டு. மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று போட்டிகளில் ஏறி வந்தவர் முதல் வகை. தினமும் ஆடியே ஆகவேண்டும், பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை என்பவர் இரண்டாவது. ஆட்டத்தைவிட வெட்டவெளிதான் முக்கியம், கடல், காடு, வயல், மலை என்று திரிய வேண்டும் என்பவர் மூன்றாவது. வீட்டில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பி "ஸ்போர்ட்ஸ்ல இன்ட்ரஸ்ட்" என்று சொல்லிவிடுவார்கள். தவறான சேர்க்கை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மூன்றாம் வகைப் பிள்ளையை உடற்கல்வியில் சேர்த்தால் ஆறு மாதத்தில் சலித்துவிடும். முதல் வகைப் பிள்ளையை மைதானமே இல்லாத கல்லூரியில் சேர்த்தால் இரண்டு ஆண்டில் ஃபார்ம் போய்விடும்.

## எதை வைத்து எடைபோடுவது

பயண நேரம். கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு போக அங்கே இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். போக வர மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 22 வேலை நாளுக்கு 66 மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். அதில்தான் பயிற்சியும் ஓய்வும் கரைகின்றன.

மாலை நேரம். ஆய்வகப் பாடங்களில் பிராக்டிகல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். நாலரை மணிக்கு முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், டிசம்பரில் மைதானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் போய்விடும்.

போட்டி ஏணி. கல்லூரி அணி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழக அணி, தென் மண்டலம், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. முழுநேர, ரெகுலர் மாணவர் மட்டுமே இந்த ஏணியில் ஏற முடியும். அஞ்சல் வழியில் பட்டம் படித்துக்கொண்டு முழுநேரமும் பயிற்சி எடுக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பல்கலைக்கழக அணியின் கதவு அவர்களுக்கு அடைபட்டுவிடும்.

ஓ.டி.யும் அரியரும். போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி என்று வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு, கிடைக்கும், 75 விழுக்காடு வருகைப்பதிவு தப்பிவிடும். தவறவிட்ட இன்டர்னல் தேர்வும் பிராக்டிகலும் தானாக வந்து சேராது. செமஸ்டர் தேர்வு வரும் நவம்பர், டிசம்பரை ஒட்டித்தான் மண்டலப் போட்டிகளும் வரும். எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் பிள்ளை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் ஆறேழு அரியரோடு நிற்கும். மறுதேர்வு வைக்கும் வழக்கம் அந்தத் துறையில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநில எல்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருப்பது இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். சேர்க்கையில் அது பெரிய மதில். புதுச்சேரி அரசின் இடங்கள் சென்டாக் என்ற அரசுச் சேர்க்கைக் குழு வழியாக, பெரும்பாலும் அந்த ஒன்றியப் பிரதேசத்தில் குடியிருப்புச் சான்று உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி இடங்கள் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டு முறைப்படி நிரப்பப்படும். ரெட்டிச்சாவடியில் வீடு இருப்பவருக்கு முள்ளோடைக்கு அந்தப் பக்கம் வெளிமாநிலம். நடுவண் பல்கலைக்கழகமான புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதற்குக் கியூட் என்ற நாடளாவிய பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

மழை. இந்தக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் மைதானம் எதையும் நம்ப முடியாது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல். புயல் வராத ஆண்டிலும் தண்ணீர் வடியாத மைதானம் வாரக்கணக்கில் சேறாகவே கிடக்கும். உள்ளரங்கம் இருக்கிறதா என்பது இறகுப்பந்து ஆடுபவருக்கு மட்டுமான கேள்வி கிடையாது.

| வழி | மாலை நேரம் | போட்டி வாய்ப்பு | வெளியில் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| வீட்டிலிருந்து அரசு கலை அறிவியல் கல்லூரி | முதல் ஷிப்ட் என்றால் தாராளம் | நடுத்தரம் | பயிற்சியாளர், காலணி, சத்துணவு எல்லாம் கைக்காசு | இரண்டாம் வகை |
| விடுதியுள்ள பெரிய வளாகம் | நன்று | நன்று | மெஸ், விடுதி நேரக் கட்டுப்பாடு | முதல், இரண்டாம் வகை |
| உடற்கல்விப் பட்டம் | நாள் முழுக்க மைதானம்தான் | நன்று | கூடுதல் ஆண்டுகள், காயம் | சொல்லிக் கொடுக்கப் பிடித்தவர் |
| வேளாண், மீன்வளம், புவியமைப்பியல் சார்ந்தவை | குறைவு | குறைவு | கட்-ஆஃப், களப்பயணச் செலவு | மூன்றாம் வகை |
| விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் அல்லது தனியார் கல்லூரி | குறைவு | கல்லூரிக்குக் கல்லூரி மாறும் | நிபந்தனைகள் | முதல் வகை மட்டும் |

## வீட்டிலிருந்து போய்வரும் அரசுக் கல்லூரி

கடலூர்க்காரர்கள் பெரியார் அரசு கலைக் கல்லூரியைப் பக்கத்திலேயே இருப்பதாலேயே மதிப்பதில்லை. கல்லூரி இருப்பது தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச் போகும் வழியில். மஞ்சக்குப்பத்தில் அண்ணா விளையாட்டரங்கம். வீடு, கல்லூரி, மைதானம் மூன்றும் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் அமைவது பெருநகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வசதி. புதுச்சேரியில் லாஸ்பேட்டை தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரியும் அப்படித்தான். ஹெலிபேட் மைதானம் அதே பகுதியில் இருக்கிறது. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்கும் நகரப் பேருந்திலேயே போய்விடலாம்.

இந்த வழியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஷிப்ட். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட் உண்டு. முதல் ஷிப்ட் கிடைத்தால் மதியம் வகுப்பு முடியும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்கி, நாலரைக்கு மைதானத்தில் நிற்கலாம். விளையாட்டு வீரருக்கு இதைவிட நல்ல அட்டவணை கிடையாது. இரண்டாம் ஷிப்ட் என்றால் மாலைப் பயிற்சியை மறந்துவிட வேண்டியதுதான். அணியின் கூட்டுப் பயிற்சி மாலையில்தான் நடக்கும் என்பதால், ஓட்டம், நீச்சல் மாதிரி காலையில் தனியாகச் செய்யக்கூடியவை மட்டுமே மிஞ்சும். கலந்தாய்வில் "எந்தப் பாடம்?" என்று கேட்கிற வேகத்திலேயே "எந்த ஷிப்ட்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

கட்டணம் குறைவு என்பது உண்மை. மிச்சமாகும் பணத்தை மொத்தமாக மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டக்காரர் ஒருவர் 500 முதல் 800 கிலோமீட்டருக்கு ஒரு முறை காலணியை மாற்றியாக வேண்டும். வாரம் 40 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு மூன்று ஜோடியாவது வேண்டும். தேய்ந்த காலணியோடு கட்டாந்தரையில் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும். "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். முட்டை, பால், பயறு, வெளிப் பயிற்சியாளருக்கு மாதக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குறை என்றால் அணிதான். பிள்ளை ஆடும் ஆட்டத்துக்குக் கல்லூரியில் அணியே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் போட்டிக்கு முந்தைய வாரம் ஆள் சேர்த்து அனுப்பும் அணியாக இருக்கலாம். வாலிபால், கபடி, தடகளம் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஹாக்கி, நீச்சல், கூடைப்பந்து என்றால் நேரில் போய் விசாரிக்காமல் சேரக் கூடாது.

## விடுதியோடு கூடிய பெரிய வளாகம்

இந்த வட்டாரத்தில் இரண்டு பெயர்கள். 1929இல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1985இல் தொடங்கிய காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகம். இரண்டிலும் உடற்கல்வித் துறை உண்டு. உடற்கல்வி படிக்காத பிள்ளைக்கும் இது பயன்படும். துறை இருக்கிற வளாகத்தில் மைதானத்துக்குக் கோடு போட ஆள் இருக்கும், பயிற்சியாளர் இருப்பார், மாலையில் எதிரே நின்று ஆட ஆள் கிடைக்கும். வேதியியல் படிக்கும் சராசரி ஆட்டக்காரர், உடற்கல்வி மாணவர்களோடு தினமும் ஆடியே ஒரு படி மேலே போய்விடுவார்.

வெட்டவெளிப் பிரியருக்கும் இரண்டும் நல்ல இடங்களே. அண்ணாமலை நகரிலிருந்து பிச்சாவரம் சதுப்புநிலக் காடு சைக்கிள் தூரம். காலாப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் கடல், ஆரோவில் பக்கம் செம்மண் பாதைகள். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இந்தக் கரையில் அலையின் இழுப்பு அதிகம். நீச்சல் தெரிந்த பிள்ளையும் தனியாகக் கடலில் இறங்கக் கூடாது.

கடலூரிலிருந்து சிதம்பரம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். அதனால் தினமும் போய்வரலாம் என்று தோன்றும். போய்வரலாம், ஆனால் ரயில் நேரத்துக்காகப் பயிற்சியைப் பாதியில் விட்டு ஓட வேண்டியிருக்கும். இந்த வழியை எடுத்தால் விடுதியையும் சேர்த்து எடுப்பதே சரி.

விடுதியில் கேட்க வேண்டியவை இரண்டு. காலைப் பயிற்சி முடித்து எட்டரைக்கு வரும் பிள்ளைக்கு மெஸ்ஸில் டிபன் மிச்சம் இருக்குமா? சின்னக் கேள்விதான், பதில் "இல்லை" என்றால் மூன்று ஆண்டும் டீயும் பன்னும்தான். அடுத்தது பெண்கள் விடுதியின் கதவு அடைக்கும் நேரம். ஆறரைக்கு அடைத்தால் ஐந்து மணிக்குத் தொடங்கும் பயிற்சியில் அந்தப் பெண் எதைக் கற்றுக்கொள்வாள்? அணியில் இருப்பவர்களுக்கு நேரம் நீட்டித்துக் கொடுப்பார்களா, அதற்கு உடற்கல்வி இயக்குநரின் கடிதம் போதுமா என்று வார்டனிடமே கேளுங்கள். ஏற்கெனவே அணியில் ஆடும் ஒரு மாணவியிடம் கேட்டால் இன்னும் சரியான பதில் கிடைக்கும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைக் குறிவைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கியூட் விண்ணப்பம் பிளஸ் டூ மார்க் வருவதற்கு முன்பே திறந்து மூடிவிடும். மார்க் வந்த பிறகு யோசிப்பவர்களுக்கு அந்த ஆண்டு அது முடிந்த கதை.

## உடற்கல்விப் பட்டம்

மாமா சொன்ன வழி. சென்னை நந்தனத்தில் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பக்கத்தில் அண்ணாமலை. படிப்பு எளிது என்று நினைத்துச் சேர்பவர்கள்தான் முதலில் திணறுகிறார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல், அளவீடு எல்லாம் தாளில் எழுத வேண்டிய பாடங்கள். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் தடத்தில் நிற்பவர் ஏன் முதல் தடத்தைவிட 7.04 மீட்டர் முன்னால் நிற்கிறார் என்று கணக்குப் போட்டு, சுண்ணாம்புப் பொடியில் கோடும் போட்டுக்காட்ட வேண்டும். கிரிக்கெட் மட்டும் பிடித்தவரும் கோ-கோ, ஜிம்னாஸ்டிக்ஸ், யோகா என எல்லாவற்றையும் செய்தே ஆக வேண்டும்.

ஆண்டுக் கணக்கையும் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. பிளஸ் டூவுக்குப் பின் மூன்றாண்டு இளங்கலை. பள்ளியில் பி.டி. ஆசிரியராக பி.பி.எட். இரண்டாண்டு. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டும் என்றால் எம்.பி.எட். இன்னும் இரண்டாண்டு, அதற்குமேல் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. மொத்தம் ஏழாண்டுக்குக் குறையாது. தனியார் பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் மற்ற ஆசிரியர்களைவிடக் குறைவாக இருப்பதும் சாதாரணம்.

பெற்றோர் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பி.பி.எட். சேர உடற்கல்வி இளங்கலைதான் வேண்டும் என்பதில்லை. ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 விழுக்காடும், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியிலோ மாவட்ட, பள்ளி அளவிலோ கலந்துகொண்ட சான்றும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதாவது, பதினேழு வயதில் இந்த முடிவை எடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. தாவரவியலோ வணிகவியலோ படித்துக்கொண்டு மூன்றாண்டும் ஆடி, சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருந்தால் இருபது வயதில் இந்தக் கதவு திறந்தே இருக்கும். நேராக உடற்கல்வியில் சேர்ந்தவர் வேறு துறைக்கு மாறுவது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் கணிப்பில், தயக்கம் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு காரணமே போதும், உடற்கல்வியை இரண்டாம் படியாக வைத்துக்கொள்ள.

காயத்தையும் எண்ண வேண்டும். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம். வணிகவியல் மாணவருக்கு அதில் ஒரு சீசன்தான் போகும். உடற்கல்வி மாணவருக்குப் பிராக்டிகல் மார்க்கும் சேர்ந்து போகும்.

அப்படியானால் யாருக்குப் பொருந்தும்? தெருவில் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, "காலை இப்படி வை, பந்தைப் பாரு" என்று அலுக்காமல் சொல்லித்தரும் பிள்ளைக்கு. தான் ஜெயிப்பதைவிட அடுத்தவனைத் தேற்றிவிடுவதில் சந்தோஷப்படுகிறவருக்கு இது மிக நல்ல படிப்பு. சேருமுன் பி.பி.எட். நடத்தும் கல்லூரிக்கு என்.சி.டி.இ., அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின், அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## வயலும் கடலும் பாறையுமாகப் படிப்பு

மூன்றாம் வகைப் பிள்ளைகளுக்கு. பி.எஸ்சி. வேளாண்மை நான்காண்டு. அண்ணாமலையில் உண்டு, புதுச்சேரிப் பிரதேசத்தில் காரைக்கால் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி. காலையில் வயலில் இறங்க வேண்டும், வலையோடு அலைந்து பூச்சி பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் அடுக்க வேண்டும், களைச் செடிகளை உலர்த்தி ஒட்ட வேண்டும், இறுதியாண்டில் கிராமத்தில் விவசாயிகளோடு தங்க வேண்டும். கேட்க ஜாலியாக இருக்கும். அட்டவணையோ காலை முதல் மாலை வரை நிரம்பி வழியும், ரெக்கார்டு நோட்டு எழுதி மாளாது. கட்-ஆஃபும் அதிகம். மைதானத்துக்கு நேரம் கிடைப்பது விடுமுறையில்தான்.

மீன்வள அறிவியலுக்குப் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். கணிதம், கணினி எடுத்தவருக்கு அந்த வழி இல்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஸ்கூபா ஆசையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, கடல் உயிரியலில் முக்குளிப்பு சொற்பம். சேற்றைச் சலிப்பதும், நுண்ணோக்கியில் எண்ணுவதும், புள்ளியியலும்தான் மிகுதி.

எல்லாரும் தாண்டிப்போகும் பாடம் ஒன்று இந்த வட்டாரத்துக்கு அருமையாகப் பொருந்தும். புவியமைப்பியல், அதாவது ஜியாலஜி. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள், நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம், அரியலூரில் பழங்காலக் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள். எல்லாமே சில மணி நேரப் பயணத்தில். சுத்தியலும் திசைகாட்டியுமாக வெயிலில் நடக்கத் தெம்பு இருக்கிறவர்தான் இதில் தேறுவார். நடக்கிற பிள்ளைக்கு மார்க் தானாக வரும். பெரிய களப்பயணங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை சில ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்துவையுங்கள்.

மலையேற்றம் பிடித்தவருக்காகக் கல்லூரியையே இமயமலைப் பக்கம் தேட வேண்டாம். உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் உள்ள மலையேற்றக் கழகங்களின் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம்தான். கோடை விடுமுறையில் முடித்துவிடலாம், இடம் பிடிக்கப் பல மாதம் முன்பே பதிய வேண்டும். என்.சி.சி. இருக்கும் கல்லூரியில் சேர்ந்தால் முகாம், துப்பாக்கிப் பயிற்சி, கடற்படைப் பிரிவு என்றால் படகு. மூன்றாம் ஆண்டில் எழுதும் 'சி' சான்றிதழ் ராணுவ அதிகாரி தேர்வில் தனி வழியே திறந்துவிடுகிறது.

## விளையாட்டு ஒதுக்கீடு

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், மாநில, தேசிய அளவில் ஆடியவர்களோடு போட்டி. மாவட்டச் சான்றிதழை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. இடம் கிடைத்தாலும் நான்காண்டும் கணிதமும் லேபும் விடாது. பொறியியலில் ஆர்வமே இல்லாத பிள்ளையை ஒதுக்கீடு கிடைக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள்.

தனியார் கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரருக்குக் கட்டணமில்லா இடம் தருவதும் உண்டு. எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். டியூஷன் கட்டணம் மட்டுமா, விடுதியும் மெஸ்ஸும் சேர்த்தா? முதலாண்டுக்கு மட்டுமா, மூன்றாண்டுக்குமா? காயம்பட்டு அணியிலிருந்து விலகினால் முழுக் கட்டணமும் கேட்பார்களா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? வாய்வார்த்தையாகச் "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லும் இடத்தில் இரண்டாம் ஆண்டு பில் வரும்.

## நேரில் போகும்போது

சேர்க்கைக்காகக் காலை பதினொரு மணிக்குப் போனால் அலுவலகத்தைத்தான் பார்ப்பீர்கள். வேலைநாளில் மாலை ஐந்துக்குப் போங்கள், பிள்ளையை ஷூவோடு அழைத்துப் போங்கள். கோல் கம்பத்தில் வலை இருக்கிறதா, வாலிபால் கோர்ட்டில் புல் முளைத்திருக்கிறதா, தண்ணீர்க் குழாய் எங்கே, பெண்கள் உடைமாற்ற அறை பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சென்ற ஆண்டு எந்தெந்தப் போட்டிக்கு அணி போனது, பயணப்படி யார் கொடுத்தார்கள் என்று அங்கே ஆடிக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள். "ஒரு கேம் ஆடிட்டுப் போலாமா?" என்று பிள்ளை கேட்டால் தடுக்காதீர்கள். முடிந்தால் அக்டோபரில் நல்ல மழை பெய்த இரண்டாம் நாள் இன்னொரு முறை போய், தண்ணீர் வடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்காகவே, பிளஸ் டூ தொடங்கும் ஆண்டிலேயே பார்க்க ஆரம்பிப்பது நல்லது.